மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே

எர்மெக்கின் குதிரைக்குட்டிக்கு உயிர் வரவில்லை. ஜிபெக் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள், வரவே இல்லை.

நிஜக் குட்டி என்று நினைத்துப் பதற வேண்டாம். கம்பளியில் செய்த பொம்மை. உள்ளே கம்பி, கண்ணுக்குப் பதில் இரண்டு கறுப்புப் பாசிமணி. அனிமேஷன் படிக்கிற எர்மெக் பிஷ்கெக் நகரத்தில் தங்கள் கல்லூரியின் நிலவறையில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, இதையும் இதன் தாய்க்குதிரையையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடித்திருந்தான். நாள் முழுக்க நகர்த்தினால் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்துக்குப் படம் தேறும். பைத்தியக்காரத் தொழில்தான், வேறென்ன சொல்ல. படத்தின் கதை இது: மலை மேய்ச்சலில் தாய்க்குதிரை பனிக்குள் குட்டி போடுகிறது. குட்டி அசையாமல் கிடக்கிறது. தாய் நக்குகிறது, மூக்கால் முட்டுகிறது. கடைசிக் காட்சியில் தாய் தலையைத் தாழ்த்தி நிற்கிறது, குட்டி அதன் கால்களுக்குப் பின்னால் மறைந்துபோகிறது, பனி விழுந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் படம்.

குட்டி பிழைத்ததா, போனதா? கண்ணுக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. காதுதான் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு ஒலி அமைக்கிற பொறுப்பு ஜிபெக்குடையது.

“உசிர நான் படத்துல வைக்கல, உனக்காக மிச்சம் வச்சிருக்கேன்,” என்று எர்மெக் ஆரம்பத்தில் பெருந்தன்மையாகச் சொன்னான். உண்மையில் கம்பளி வயிறு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால்தான் குட்டியை மறைத்தான். அது அவளுக்கும் தெரியும்.

மற்றதெல்லாம் அவளுக்குக் கைவந்தது. தோல் பைக்குள் மாவைப் போட்டுப் பிசைந்தால் பனியில் கால் புதைகிற சத்தம். இரண்டு மரக் கிண்ணத்துக்குக் கம்பளி சுற்றித் தட்டினால் குதிரைக் குளம்பு. காய்ந்த தயிர் உருண்டைகளைத் தகரத் தட்டில் உருட்டினால் தூரத்துப் பனிச்சரிவு. அந்தப் பனிச்சரிவில் பாதியை எர்மெக் தின்றே தீர்த்தான் என்பது வேறு கதை. ஆனால் கடைசி மூச்சு மட்டும் வாய்க்கவில்லை. குதிரைப் பந்தய மைதானத்து லாயத்துக்குப் போய் நிஜக் குதிரையின் மூச்சைப் பிடித்து வந்தாள். அது கொல்லன் துருத்தி மாதிரி இருந்தது. இணையத்தில் கிடைத்த கன்றுக்குட்டி, நாய்க்குட்டி எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தாள். தானே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று விட்டுப் பார்த்தாள்.

அவர்களுடைய ஆசிரியை சல்தனத் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மாணவர்கள் அவரை எஜெய் என்பார்கள், டீச்சரம்மா என்கிற மாதிரி.

“ஜிபெக், இது குதிரைக்குட்டியா?”

“ஆமா எஜெய்.”

“எனக்கு என்னமோ பஸ்ஸ விட்டுட்டு ஓடற ஆபீஸ் குமாஸ்தா மாதிரி கேக்குது. பாவம், பஸ் கெடச்சுதா இல்லயா?”

வகுப்பே சிரித்தது. ஜிபெக்கும் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

சல்தனத் எஜெய் பேச்சில் ஊசி உண்டு, ஆனால் ஜிபெக்கை இந்தப் படிப்புக்குள் கட்டிப்போட்டதும் அவர்தான். முதல் வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் போட்டார். வெள்ளைத் தரையில் ஒரு சாம்பல் நிற வட்டம் உருண்டு போகிறது, அவ்வளவே. முதல் தடவை சத்தம் இல்லை. எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் தடவை இரும்பு உருள்கிற சத்தத்தோடு போட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை மெல்லிய ஓடு உரசுகிற சத்தம். “ஐயோ, பாத்து!” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள், முட்டை உடைந்துவிடுமாம். நான்காம் தடவை பூனையின் குறட்டை. வட்டம் தூங்குகிற பிராணியாகிவிட்டது, தடவிக்கொடுக்கலாம் போல இருந்தது. படம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஜிபெக்குக்கு முதுகெல்லாம் புல்லரித்தது. ஓவியப் பிரிவில் இடம் கிடைக்காமல் வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தவள் அவள். அன்றைக்குப் பிறகு கிரேன் வைத்து இழுத்திருந்தாலும் வெளியே வந்திருக்க மாட்டாள்.

அதற்கப்புறம் காது அவளைத் தூங்கவிடவில்லை. கொதிக்கிற டீ கோப்பையில் விழுகிற சத்தம் வேறு, ஆறிய டீ விழுகிற சத்தம் வேறு என்று ஒருநாள் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். உலகம் இத்தனை நாளாக இவ்வளவையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, தான்தான் கேட்கவில்லை என்று நினைத்து அவளுக்கு அழுகையே வந்தது. அம்மா மட்டும், “சூடா இல்லயான்னு தொட்டுப் பாத்தாத் தெரியாதா? இதுக்கு ஒரு காலேஜா?” என்றாள்.

இப்போது அந்தக் காலேஜுக்கே ஆபத்து. திங்கட்கிழமை காலை படத்தை எல்லோர் முன்னாலும் போட்டுக்காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை எர்மெக் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

“கோவிச்சுக்காத. விளம்பர ஸ்டூடியோல ருஸ்தம்னு ஒருத்தன் இருக்கான். கடைசிக் காட்சிய அவன்கிட்ட குடுத்துடட்டுமா?”

“கடைசிக் காட்சியக் குடுத்தா மொத்தத்தையும் குடுத்த மாதிரிதான் எர்மெக். எனக்குக் காட்ட வேற வேலயே இல்ல. எஜெய் என்ன இதே வகுப்புல மறுபடி ஒரு வருசம் உக்கார வச்சுடுவாங்க.”

“எனக்கு மட்டும் ஆசையா? ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நிலவறைல கெடந்தேன்டி. குட்டி செத்த மாதிரி படம் முடிஞ்சா நான் என்ன செய்ய?”

“திங்கக்கெழம போட்டுக்காட்டற வரைக்கும் பொறு. அப்பவும் குட்டிக்கு உசிர் வரலன்னா நானே ருஸ்தம்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறேன்,” என்றாள். 

சனிக்கிழமை காலை வீட்டுச் சமையலறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே செத்த மூச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எண்ணெயில் பொரிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மினிபஸ் ஓட்டுகிற அண்ணன் திலெக் வேலைக்குப் போயிருந்தான். அண்ணன் மனைவி மேரிம், ஜிபெக் வாயில் ‘ஜெங்கே’, பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் கழியவில்லை.

நாற்பது கழிகிற வரைக்கும் குழந்தையை வெளியாள் கண்ணில் காட்டுவதில்லை, போட்டோ எடுப்பதில்லை. அழகாக இருக்கிறது என்று பெற்றவள்கூட வாய் திறந்து சொல்வதில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் “சீ, என்ன அசிங்கம்!” என்று துப்பிவிட்டுப் போக வேண்டும், அதுதான் ஆசீர்வாதம். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்த வீட்டில் அது இரண்டு மடங்கு. இரண்டு வருடம் முன்னால் பிறந்த முதல் குழந்தை நாற்பது கழிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நிலா மாதிரி இருக்கிறது என்று சொன்னாள் என்பது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரிந்த காரணம். இந்த முறை குழந்தைக்கு வீட்டில் ‘சப்பைமூக்கு’ என்றுதான் பெயர்.

மேரிம் அறையிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அது என்ன, காதுல மாட்டிக்கிட்டு?”

“மைக்ல பிடிச்சதக் கேக்கறேன் ஜெங்கே,” என்று ஜிபெக் ஒரு காதை விடுவித்தாள்.

“சின்னச் சத்தத்தப் பெரிசாக் காட்டுமா அது?”

“எறும்பு நடக்கறதக்கூடக் காட்டும்.”

மேரிம் திரும்பித் தன் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “மூச்சக் காட்டுமா?” என்றாள்.

ஜிபெக் ஹெட்போனைக் கழற்றினாள். உள்ளே என்னவோ துள்ளியது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. “காட்டும் ஜெங்கே. ஆனா பதிவாகும். அத நான்... என் படத்துக்கு வச்சுக்கலாமா? குழந்தைன்னு யாருக்கும் தெரியாது. குதிரைக்குட்டின்னுதான் நெனப்பாங்க.”

“ஏய்!” மாவுக் கையோடு அம்மா திரும்பினாள். “போட்டோவே எடுக்கக் கூடாதுங்கறேன், இவ மூச்சப் பிடிக்கப் போறாளாம்! போட்டோல மூஞ்சிதான் இருக்கு. மூச்சுல உசிரே இருக்குடி.”

“கண்ணுதானேம்மா படும்?” என்றாள் மேரிம். “காது படுமா?”

அம்மா கையில் ஒட்டிய மாவை உருட்டி உருட்டி உதிர்த்தாள். இந்தக் கேள்வியை அவளுடைய அம்மாவும் கேட்டதில்லை, அதற்கு முந்தியவர்களும் கேட்டதில்லை. அவர்கள் காலத்தில் மைக் எங்கே இருந்தது?

“எனக்குக் கேக்கணும்மா,” என்றாள் மேரிம். “ராத்திரில பக்கத்துல காத வச்சாலும் தெரியல. இருக்கா இல்லயான்னு தெரியாம நான் தெனம் செத்துக்கிட்டு இருக்கேன்.”

அம்மா மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவே சம்மதம்.

திரை போட்ட அறையில் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜிபெக் சின்ன மைக்கை ஒரு பட்டுத் துணியில் சுற்றி, தலைமாட்டில் ஓரமாக வைத்தாள். ஹெட்போனை மேரிமின் தலையில் மாட்டினாள். ஒலியை மெல்ல ஏற்றினாள்.

மேரிமின் முகம் அப்படி மாறும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முதலில் பயந்தாள். பிறகு வாய் தானாகத் திறந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி ஓடியது, அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. “எவ்வளவு பெரிசு... இவ்வளவு பெரிசா இவனுக்குள்ள?” என்று கிசுகிசுத்தாள். சட்டென்று ஜிபெக்கின் கையைப் பிடித்தாள். “இதோ, இங்க. இங்கதான் நிறுத்துவான். பச்சப்புள்ளைங்க இப்படித்தான் விட்டு விட்டு மூச்சு விடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கும் அவருக்கும் மட்டும் இந்த எடத்துல தெனமும் கொல நடுங்கும்.” அவர் என்றால் திலெக். பிடி இறுகிக்கொண்டே போய், பிறகு தளர்ந்தது. “ம். வந்துட்டான்.”

ஹெட்போனைக் கழற்றித் தானே ஜிபெக்கின் காதில் மாட்டிவிட்டாள். “நீயும் கேளு.”

ஜிபெக் கேட்டாள்.

ஒரே வீட்டில் இருக்கிறாள், தினமும் பார்க்கிறாள், ஆனால் இதைக் கேட்டதில்லை. மூச்சு என்று அவள் நினைத்திருந்தது உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இது அப்படி இல்லை. அவசர அவசரமாகக் கொஞ்சம், புதுச் செருப்பு போட்ட குழந்தை தடுமாறி ஓடுகிற மாதிரி. நடுவில் ஒரு சின்ன முனகல், ஈரமான ஒரு சொடுக்கு. பிறகு ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. தொட்டில் துணியின் சரசரப்புகூட இல்லை. ஜிபெக் காத்திருந்தாள். இன்னும் இல்லை. அவள் நெஞ்சு உள்ளிருந்து இடிக்க ஆரம்பித்தது, தானும் மூச்சை நிறுத்திவிட்டோம் என்பதே அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு யாராவது ஓடி வர மாட்டார்களா என்று இருந்தது. அப்போது, எங்கோ பூமிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, மெல்லிசாக ஒரு இழுப்பு வந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று.

இதைத்தானே ஒவ்வொரு உயிரும் செய்துகொண்டிருக்கிறது, நிறுத்தியும் தொடங்கியும், யாரும் சொல்லிக்கொடுக்காமல்! ஜிபெக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“கடவுளே, எவ்வளவு அழகு!” என்றாள். “எவ்வளவு அழகான மூச்சு!”

ஹெட்போன் மாட்டியிருப்பவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. ஒலி படிக்கிறவளுக்கு அது முதல் பாடம். அவள் கத்தியிருந்தாள். குழந்தை அதிர்ந்து வீறிட்டது. ஹெட்போனுக்குள் அது இடி விழுந்தாற்போல் வெடித்தது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்தபோது மேரிம் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போயிருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

அம்மா ஓடி வந்தாள். “துப்பு! துப்புடி! அசிங்கம்னு சொல்லு!”

“அசிங்கம்,” என்று ஜிபெக் துப்பினாள். வாய் உலர்ந்துபோய் எச்சிலே வரவில்லை.

“கேட்டியா மேரிம்? காது படுமான்னு கேட்டியே, இப்பச் சொல்லு. படுமா படாதா?” கண்ணேறு போகப் புகை போட, அம்மா ஆர்ச்சா இலைக் கட்டைத் தேடிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் புகை. குழந்தை விடாமல் அழுதது.

“அழிச்சிடு,” என்றாள் மேரிம்.

“ஜெங்கே, நான் வேணும்னு...”

“உன்மேல கோவம் இல்ல. எனக்கு ஒண்ணு போனது போதும் ஜிபெக். அழி. என் கண்ணு முன்னால.”

சப்பைமூக்கு, அசிங்கம் என்று ஒரு வீடே சேர்ந்து மறைத்து வைத்திருந்ததை ஒரே வார்த்தையில் போட்டு உடைத்தவள் அவள்தானே? வாதாட என்ன இருக்கிறது? ஜிபெக் கருவியைத் திருப்பி, மேரிம் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, அழித்தாள். ஒரு பொத்தான், அவ்வளவுதான். 

அன்று மதியம் கல்லூரியில் எர்மெக்கிடம் சொன்னாள். அவன் முகம் பளிச்சென்றது.

“அடி கிறுக்கு, அழிச்சா போயிடுமா? கார்டுல அடியில அப்படியேதான் இருக்கும். மேல வேற எதையும் பதிவு பண்ணாம இருந்தாப் போதும். குடு இப்படி, ஒரு மணி நேரத்துல எடுத்துத் தரேன்.”

கார்டு அவள் உள்ளங்கையில் இருந்தது. நகத்தளவு. அதற்குள் அந்த மூச்சு, அவள் குட்டியின் உயிர், அவளுடைய ஒரு வருடம். யாருக்குத் தெரியப் போகிறது? மேரிம் இன்னும் வெளியிலேயே வர முடியாது. அவள் கைகூட நீண்டுவிட்டது, பொய் சொல்வானேன். ஆனால் ‘என் கண்ணு முன்னால’ என்ற அந்தக் குரல் காதிலேயே இருந்தது. காது ஒரு பாழாய்ப்போன உறுப்பு, கண் மாதிரி அதை மூடிக்கொள்ள முடியாது.

கார்டைத் திரும்பவும் கருவிக்குள் போட்டாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பதிவை அழுத்தி, கார்டு நிரம்புகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். சளசளவென்று தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

“உனக்கு மூள கலங்கிடுச்சு,” என்றான் எர்மெக் வாசலில் நின்றுகொண்டு. “சத்தியமாச் சொல்றேன், திங்கக்கெழம நீயே ருஸ்தமுக்குப் போன் போடுவ.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒலிப்பதிவு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குட்டி செய்தபோது மிஞ்சிய கம்பளித் துண்டு ஒன்றை நனைத்து, உதட்டில் வைத்து, அதன் வழியாக மூச்சு விட்டுப் பார்த்தாள். வாயெல்லாம் ஆட்டு மயிர். தும்மல்தான் நன்றாகப் பதிவானது. கிண்ணத்துக்குள் குனிந்து விட்டாள். மூக்கால் விட்டாள். இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பட்டன. மெல்லிசாக, ஈரமாக, கம்பளிக்குள்ளிருந்தே வருகிற மாதிரி ஒரு மூச்சு கிடைத்தது. ஆனாலும் குமாஸ்தா குமாஸ்தாவாகவே இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள். நேற்று எதைக் கேட்டு அப்படிக் கத்தினோம் என்று யோசித்தாள். மூச்சைக் கேட்டா? மூச்சு வந்துகொண்டிருந்தபோது சும்மாதானே இருந்தாள்? கத்தியது, நின்றுபோய்த் திரும்பி வந்ததற்கு. அவளை உலுக்கியது சத்தமே இல்லை. சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருந்த அந்தப் பாழும் இடம்.

இத்தனை நாளும் மூச்சைத் தேடி அலைந்திருக்கிறாள்! அந்தக் குழந்தையின் மூச்சு குழந்தையுடையது, அதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நடுவில் இருந்த வெறுமை யாருடையது? அங்கே நின்று நடுங்கிய எல்லோருடையதும்தான்.

எழுந்து உட்கார்ந்தாள். கம்பளியில் அவசர அவசரமாகச் சில மூச்சு. ஒரு சொடுக்கு. பிறகு நிறுத்தினாள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தன் மூச்சையே அடக்கிக்கொண்டு, நெஞ்சு இடிக்கத் தொடங்கி, இனி முடியாது என்று ஆன பிறகும் ஒரு கணம் தாங்கிக்கொண்டு, அப்புறம்தான் அந்த இழுப்பை விட்டாள். படத்தோடு சேர்த்தபோது இன்னொன்றும் செய்தாள். அந்த இடைவெளியில் பனிக்காற்றின் சத்தத்தையும் அடியோடு அறுத்துவிட்டாள். பனி விழுகிறது, உலகத்தில் சத்தமே இல்லை.

மாலையில் வந்து கேட்ட எர்மெக் நெளிந்தான். “இவ்வளவு நேரமா? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு எவனாவது எழுந்து போய் ஒயர ஆட்டுவான்டி.”

“ஆட்டட்டும்.”

“திங்கக்கெழம வரைக்கும்னு ஒத்துக்கிட்டேன். சொன்னா சொன்னதுதான். ஆனா குட்டி செத்தா, ருஸ்தம்.”

திங்கட்கிழமை காலை திலெக்தான் தன் மினிபஸ்ஸில் அவளையும் அவள் கிண்ணம், தட்டு, மாவுப்பை மூட்டைகளையும் கொண்டுவந்து இறக்கினான். சனிக்கிழமை நடந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும், அம்மா விடுவாளா? ஆனாலும் வழியெல்லாம் அவளைச் சிரிக்கவைக்கவே பார்த்தான்.

“சத்தம் போட ஒரு காலேஜு, அதக் கேக்க ஒரு கூட்டம். நான் தெனமும் ஹாரன் அடிக்கறேன், எனக்கு ஒருத்தனும் பட்டம் குடுக்க மாட்டேங்கறான்.”

“பைகே, சும்மா வாங்க,” என்றாள். அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“பயமா இருக்காடி?”

“ஆமா பைகே. ரொம்பப் பயமா இருக்கு.”

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூடவே உள்ளே வந்தான். கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சர்க்கஸ் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். முன்வரிசையில் சல்தனத் எஜெய்யும் மற்ற ஆசிரியர்களும். நடுவில் மாணவர்கள், தின்பண்டப் பைகள், கிசுகிசு. ஜிபெக் பக்கச் சுவரை ஒட்டி நின்றாள். 

விளக்கு அணைந்தது. படம் ஓடியது. பனியில் குளம்பு புதைந்தது, மலையில் எங்கோ பனி சரிந்தது. தாய்க்குதிரை நக்கும்போது ஈரக் கம்பளிச் சத்தம் கேட்டு யாரோ “அய்ய” என்றார்கள், பிறகு சிரித்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. தாய் தலையைத் தாழ்த்தியது. குட்டி மறைந்தது. கால்களுக்குப் பின்னாலிருந்து, அவசர அவசரமாக, ஈரமாக, மூச்சு வந்தது.

‘அப்பாடா’ என்று ஒரு பெருமூச்சு அரங்கில் பரவியது. அப்போது மூச்சு நின்றது. காற்றும் நின்றது.

பனி விழுந்துகொண்டிருந்தது. பைச் சரசரப்பு அடங்கியது. இருமிக்கொண்டிருந்தவர் இருமலை விழுங்கினார். யாரும் எழுந்துபோய் ஒயரை ஆட்டவில்லை. ஜிபெக் அரங்கைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! ஒரு கூட்டமே மூச்சை நிறுத்தினால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. சுவர்களே நெருங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தான் வைத்த இடைவெளிதான், எங்கே முடியும் என்று தனக்குத் தெரியும், ஆனாலும் வராமல் போய்விடுமோ என்று அவளும் நடுங்கினாள்.

கடைசி வரிசையில் நாற்காலி தடாலென்று சரிந்தது.

“விடுடா!” திலெக் எழுந்து நின்றுகொண்டிருந்தான். குரல் உடைந்து அரங்கம் முழுக்க ஒலித்தது. “மூச்சு விடுடா தம்பி! விடு! விடுடா!”

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

பனிக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு இழுப்பு வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

விளக்கு போட்டார்கள். எர்மெக் தன் படத்தையே முதல் முறை பார்த்தவன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். சல்தனத் எஜெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“இதுல யாரும் கை வைக்கக் கூடாது எர்மெக்,” என்றார். “எந்த ஸ்டூடியோக்காரனும். புரிஞ்சுதா? ஜிபெக், நீ தேறிட்ட, போ. போய்த் தண்ணி குடி.”

கை தட்டல் அப்போதுதான் தொடங்கியது. ஜிபெக் அதைக் கேட்க நிற்கவில்லை. கடைசி வரிசையில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, தொப்பி தரையில் இருந்தது, அண்ணனைக் காணவில்லை.

தாழ்வாரத்தில் சன்னலோரம் திரும்பி நின்றுகொண்டு போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது.

“ஒண்ணுமில்ல மேரிம். ஒண்ணுமில்லங்கறேன்ல. அவ தேறிட்டா. ஆமா. நீ ஒண்ணு செய். அவன் நெஞ்சுல கை வச்சுப் பாரு. தூங்கினாப் பரவால்ல, வச்சுப் பாரு.”

ஜிபெக் பக்கத்தில் போய் நின்றாள். அவன் அவளைப் பார்க்காமலே போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தான், அவளுக்கும் கேட்கிற மாதிரி. போனுக்குள் காலடிச் சத்தம் போனது, திரை விலகியது, பிறகு ஒன்றும் இல்லை. அண்ணனும் தங்கையும் அசையாமல் நின்றார்கள்.

“விடறான்,” என்றாள் மேரிம்.